கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள்

காஜா பெராங், மலாக்கா
12.11.1957

அன்புள்ள கமலவேணிக்கு,

நான் சுகம். உனக்கு வாந்தி நின்றதா? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தோட்டத்து நோயாளிகளை மழைச் சேற்றில் ஏற்றிவர, ஒரு பழைய பட்டாள ஜீப்பை உயர்த்திக் கொடுத்ததாக எழுதியிருந்தேனே? லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாக வைத்து, பெரிய டயர் மாட்டினேன். ஓடையிலும் நிற்காமல் போனது. போன மாதம் தோட்ட முதலாளி அதைத் தம் மகளின் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டார்.

“பொண்ணு சேலையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டா ஏறும்? பட்டையைக் கழட்டிப் போடு லா!”

கழற்றினேன். கல்யாணம் முடிந்ததும் திரும்ப மாட்ட மூன்று முறை போய்க் கேட்டேன். “இப்பத்தான் லட்சணமா இருக்கு” என்று சிரித்தார்.

போன செவ்வாய்க்கிழமை, பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிவந்த ஜீப் சேற்றில் அடி தட்டி நின்றுவிட்டது. பிள்ளை அதிலேயே பிறந்தது. இருவரும் நலம், பயப்படாதே. முதலாளியோ, “மாசிலாமணி வேலை சரியில்ல” என்று ஊரெல்லாம் சொல்கிறார்! பட்டறைக்கு இழுத்து வந்த ஜீப்பில், அவரைக் கேட்காமலே பட்டைகளை மாட்டிவிட்டேன். வேலை போனால் போகட்டும். அவரை எவ்வளவு திட்டினாலும், கழற்றியது என் கைதானே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் டவுனில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்விடு. நாள் சரியில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதே. நம் ஊர்ப் பாதையிலும் சேறுதான், ஜீப்கூடக் கிடையாது.

உன்
மாசிலாமணி