பதினேழாம் எண் வெல்டருக்கு

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். நம் மின்நிலையத்தின் மூன்றாம் யூனிட்தான் படுத்திருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதியில், "இவ எங்க சுத்தி எங்க வர்றான்னு தெரியாதா" என்று மடித்து வைத்துவிடுவீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. மரம்கூட இல்லாத வெட்டவெளியில் சோலார் தகடுகளுக்குச் சட்டம் அடிக்கிறீர்கள், அங்கே சிக்னலை எது மறைக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. காகிதம் என்றால் அந்தச் சாக்கு செல்லாது.

உங்களை எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் மேலே மொட்டையாக எழுதியிருக்கிறேன். இங்கே எல்லோரும் கூப்பிடுகிற பெயரால் இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டல்லவா பஸ் ஏறினீர்கள்.

மகள் என் காதளவுக்கு வளர்ந்துவிட்டாள். நிலக்கரி மின்நிலையங்களை ஏன் மூட வேண்டும் என்று பள்ளியில் கட்டுரை எழுதி, அதை என் எதிரில் நின்று சத்தமாகப் படித்தாள். நான் முகம் சுளிக்கிறேனா என்று நடுநடுவே ஒரு பார்வை வேறு. சாம்பல், புகை, தண்ணீர் என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். முறைத்தாள். அந்த முறைப்பு அப்படியே உங்களுடையது. உங்கள் நீளக் கைப்பிடிக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு பின்னல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறாள். குழாய்க்குப் பின்புறம் கண்ணுக்கு எட்டாத இணைப்பை அப்பா அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் வெல்டு செய்வார் என்றேன். "அப்போ இடது வலது எல்லாம் மாறித் தெரியாதா" என்று கேட்டாள். மாறித்தான் தெரியும், அதனால்தான் இந்த ஊரில் அதைச் செய்ய அப்பாவை விட்டால் ஆள் இல்லை என்றேன். இதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

இனி யூனிட் கதை. இந்தக் கொதிகலனைக் கட்டியவர்கள், ஒருமுறை பற்ற வைத்தால் மாதக்கணக்கில் ஒரே சீராக எரியட்டும் என்று கட்டினார்கள். இப்போது தினமும் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நாங்கள் அடங்க வேண்டும். வெயில் இறங்கியதும் அவசரமாக எழ வேண்டும். நாற்பத்தோரு வருஷத்து மூட்டுகளுக்குத் தினமும் உட்கார்ந்தெழும் தண்டனை. உங்கள் தகடுகள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பகலை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், நீங்கள் விடுகிற இடத்தில் மாலையில் நான் பிடித்துக்கொள்கிறேன். பேட்டரிக் கூடம் கட்டி முடிக்க இன்னும் மூன்று கோடை ஆகுமாம். அது வந்ததும் நம்மை மூடட்டும், நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அதுவரை ஆஸ்பத்திரியும் தண்ணீர் பம்பும் ஆறரை மணிக்கு நம்மைத்தான் நம்பியிருக்கின்றன.

வருடாந்தரச் சோதனைக்காக நிறுத்தித் திறந்தபோது பதினொரு இணைப்புகளில் விரிசல் கண்டிருக்கிறது. எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் குழாய்களும் வந்து சேரும் அந்தப் பெருங்குழாயில், போன வருஷம் பிளந்த இணைப்பு இருந்த அதே வரிசையில். இரண்டு ஒப்பந்த வெல்டர்களை வரவழைத்தார்கள். ஐந்து இணைப்பு போட்டார்கள், எக்ஸ்ரேயில் நான்கு தேறவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, கை நுழைந்தால் தலை நுழையாத சந்து அது.

கோடை உச்சத்துக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால், விரிசலுக்கு மேலேயே ஒரு பூச்சுப் போட்டுப் பற்ற வைத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. நம் கண்காணிப்பாளர் கடிகாரமும் (பட்டப்பெயரை இன்னும் காப்பாற்றுகிறார், பேசும்போது மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்) முழுதாக மறுத்துப் பேசவில்லை. அப்படிப் பற்ற வைத்தால் அதன் நேர் கீழே நின்று குழாய்களுக்குக் கம்பளி சுற்றப்போவது மறுபடியும் நம் பஞ்சு அண்ணன்தான். போன வருஷம் ஆவி பீறிட்டு வெந்த வலது கையை அவரால் இன்னும் முழுதாக மடக்க முடியவில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வெல்டர் ஒவ்வொருவரும் தான் போட்ட இணைப்பின் பக்கத்தில் தன் எண்ணை இரும்பு முத்திரையால் பதிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். விசாரணைக்கு வந்தவர்கள் பிளந்த இணைப்புக்குப் பக்கத்தில் பதினேழு என்று பார்த்தார்கள். வெல்டு குறை என்று எழுதி, உங்கள் முத்திரையை உறையில் போட்டு ஸ்டோரில் பூட்டினார்கள். பதினெட்டு வருஷ வேலையை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள்.

இருந்தாலும் கேட்கிறேன், வாருங்கள். பத்து நாள் போதும். முடித்துவிட்டு மறுபடி உங்கள் வெயிலுக்கே போய்விடுங்கள், நான் தடுக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தொப்பி போடாமல் நிற்காதீர்கள்.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
நான்தான்.


சனிக்கிழமை

அன்புள்ள பதினேழுக்கு,

அந்தப் பெயரைத்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு கூப்பிடக் கூடாது என்று தோன்றினால் அப்போது சொல்லுங்கள்.

போன வாரக் கடிதத்துக்கு உங்கள் நான்கு வரிப் பதில் புதன்கிழமை வந்தது. முதல் வரியில் என்னையும் மகளையும் விசாரித்திருந்தீர்கள். என் எண்ணைப் பிடுங்கியவர்கள் என் கையைக் கேட்க வெட்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது வரி. அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டேதான் மேலே படித்தேன். அந்த வெல்டில் எங்கே தவறினேன் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை என்று மூன்றாவது வரியில் எழுதியிருந்தீர்கள். தவறு எங்கே என்று தெரியாத கையை இன்னொரு முறை அந்தச் சந்துக்குள் நீட்ட மாட்டேன் என்று நாலாவது. படித்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

நீங்கள் எங்கேயும் தவறவில்லை. தவறியது நான்.

இணைப்பு பிளந்ததற்கு முந்தின நாள் மாலை கட்டுப்பாட்டு மேசையில் இருந்தது நான் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று வெயில் இறங்குகிற நேரத்தில் பக்கத்து நிலையத்தில் ஒரு யூனிட் திடீரென்று நின்றுவிட்டது. மின்தொகுப்பு அறையிலிருந்து போன் மேல் போன். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏத்துங்க, இப்பவே ஏத்துங்க" என்றார்கள். நிமிடத்துக்கு இரண்டு மெகாவாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மேசையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நான் ஐந்து வீதம் ஏற்றினேன். பதினான்கு நிமிடம். ஆஸ்பத்திரியை நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அதை மறைக்கச் செய்ததை எந்த ஆஸ்பத்திரியும் என்னிடம் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒரு பழக்கம் எங்கள் மேசைக்காரர்களிடம் உண்டு. சூடு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று சுருள் தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும் அந்தப் பழைய பேனா இருக்கிறதே, வேகம் மீறப்போகிறோம் என்றால் முதலில் அதைத் தாளிலிருந்து தூக்கி நிறுத்திவிடுவோம். காரியம் முடிந்ததும் இறக்கிவிட்டு, பதிவேட்டில் "மை மாற்றம்" என்று எழுதுவோம். பார்க்கிறவருக்கு அது வெறும் வெற்றிடம். எங்களில் ஒருவர் பார்த்தால் உடனே புரியும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். விசாரணைக்கு வந்தவர்களும் அந்தச் சுருளைப் பிரித்துப் பார்த்தார்கள். என் கையெழுத்தில் மை மாற்றம் என்று இருந்தது. அப்படியே சுருட்டி வைத்துவிட்டுப் பிளந்த இணைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அது பிளந்த நொடியிலேயே அந்தப் பதினான்கு நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் வெல்டாகவும் இருக்கலாம் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். அந்தப் பொய் இத்தனை மாதம் எனக்குச் சோறு போட்டது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பஞ்சு அண்ணனின் கட்டிலருகே நின்று, "என் கையால வந்த வினை, மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொன்னபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளைகூடக் கிழியாமல் உரித்தேன். அந்தப் பழம் தினமும் நினைவுக்கு வருகிறது.

இப்போது விரிசல் விட்ட பதினொன்றில் உங்கள் எண் மூன்றில்தான் இருக்கிறது. மற்ற எட்டும் வேறு நான்கு பேருடையவை. ஐந்து பேர் கையும் ஒரே வரிசையிலா தவறும்? அவசரச் சூடுதான் அவற்றைப் பிளக்கிறது. இது போன வாரமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் தொப்பி போடுங்கள் என்று எழுதினேன்.

அதனால் வியாழன் காலை கடிகாரத்தின் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைய பதினான்கு நிமிடத்தை மட்டுமல்ல. நான் பேனாவைத் தூக்கியது மொத்தம் ஒன்பது முறை, ஒன்பதையும் தேதியோடு எழுதினேன். அவர் படித்து முடிக்கும்வரை ஒருமுறைகூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை. விசாரணையைத் திரும்பத் திறக்கிறார்கள். என்னை மேசையிலிருந்து எடுத்து நிலக்கரிக் கிடங்கில் லாரிக் கணக்கு எழுத அனுப்பிவிட்டார்கள். மேசையில் கூட இருந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நீ நல்லவளாக எங்களையும் சேர்த்துக் கவுத்துட்டே" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. இருந்தாலும் நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

பழைய பேனாவை எடுத்துவிட்டு, யாரும் தூக்க முடியாத கருவி வைத்தால்தான் யூனிட்டைப் பற்ற வைக்கலாம் என்றும் அதே தாளில் எழுதினேன். வைக்கிறார்கள். மின்தொகுப்பு அறைக்காரர்களும் இனி நாற்பது நிமிடம் முன்னதாகவே சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சூரியன் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், நமக்கு மட்டும் அதைக் கடைசி நிமிடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று கோடை ஓட வேண்டுமென்றால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கி ஓடட்டும். ஒட்டுப் போட்டு ஓட்டுகிற பேச்சை என் வாக்குமூலத்துக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தேறிய ஒன்று போக மற்றப் பத்தையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டால்தான் தீ என்று கடிகாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பஞ்சு அண்ணன் வீட்டுக்கும் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். முதலில் அதைச் செய் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மகளிடமும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இன்று காலை பார்த்தால் உங்கள் கண்ணாடியைத் துடைத்து, தன் பழைய கழுத்துத்துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருக்கிறாள்.

இந்த உறை ஏன் கனக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது உங்கள் முத்திரை. நேற்று ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பதினேழாம் எண்ணில் குறை இல்லை என்று கடிகாரம் எழுதிய தாளும் கூடவே இருக்கிறது. அவருக்கும் வெல்டர் வேண்டுமே, கை வேகமாகத்தான் ஓடியது.

நீங்கள் பத்து மாதம் யோசித்துத் தேடிய தவறு என்னிடம் இருந்தது. ஒரே வீட்டில், ஒரே தலையணையில் வைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க இப்போது எனக்கு வாய் வரவில்லை, பிறகு நேரில் கேட்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நிலையத்து விடுதியில் தங்கிக்கொள்ளுங்கள், கண்ணாடியை மகள் கொண்டுவந்து தருவாள். நான் கிடங்கில்தான் இருப்பேன், உங்கள் கண்ணில் படமாட்டேன். ஆனால் அந்தச் சந்துக்குள் கையை நீட்டும்போது சந்தேகம் வேண்டாம். அது தவறாத கை.

வருவதானால் முத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள். வராவிட்டாலும் திருப்பி அனுப்ப வேண்டாம். அது உங்களுடையது, உங்களிடமே இருக்கட்டும்.

தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

பேனாவைத் தூக்காமல் எழுதியது,
உங்கள் மனைவி.