குறியிடாத கண்ணாடித் தட்டு

மதாம்,

முதலில் ஒரு மன்னிப்பு. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். "உண்மையில் இது யார் படிப்பதற்கு?" என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் உங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாத தமிழில் எழுதுகிறேன். நாம் பேசியதெல்லாம் பிரெஞ்சில். உங்களுடையது போலந்துக் கரடுமுரடோடு, என்னுடையது கூச்சத்தோடு. அந்த மொழியில் எனக்கு 'ஆம்' என்று சொல்லத்தான் வரும். இன்று சொல்ல இருப்பது வேறு.

உங்கள் தங்கையின் மகள் டொராண்டோவிலிருந்து வந்து, வீட்டைக் காலி செய்யும்வரை சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார். நுண்ணோக்கியையும் தட்டுகளையும் பொதிசெய்வது என் பொறுப்பு. இன்று காலை இரும்புப் படிகளிலிருந்து பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. தேவதாரு எண்ணெய். நுண்ணோக்கியின் வில்லைக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு விடுவோமே, அது. புதிய எண்ணெய்கள் வந்து எவ்வளவோ காலமாகியும் நீங்கள் மாறவில்லை. "இதன் குற்றங்கள் எனக்குத் தெரியும். புதியதன் குற்றங்கள் தெரியாது" என்றீர்கள். இப்போது உங்கள் மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். நுண்ணோக்கியின் உறையை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருக்கிறது.

நாங்கள் மேல்வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு காலை நீங்கள் மேலேறி வந்தீர்கள். கைத்தடி, கம்பளிச் சட்டை, சிரிப்பில்லாத முகம். அம்மா சமையலறைத் தரையில் குந்தியிருந்து இரும்பு உரலில் மிளகாயும் மல்லியும் இடித்துக்கொண்டிருந்தார். "இந்த இடி என் மேசைக்கு வருகிறது. பத்து மணியிலிருந்து மதியம்வரை நிறுத்த முடியுமா?" என்று கேட்டீர்கள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"உவ எங்களை வீட்டால எழுப்பத்தான் அடி போடுறா. இண்டைக்கு இடிக்கக்கூடாது. நாளைக்கு நடக்கக்கூடாது. பேந்து மூச்சும் விடக்கூடாது எண்டுவா."

"என்ன சொல்கிறார்?"

"சரி என்கிறார்."

"அவ்வளவு நீளமாகவா?"

அடுத்த நாள், சண்டை வேண்டாம் என்று அம்மா என்னை உழுந்து வடையோடு கீழே அனுப்பினார். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு வடையை இரண்டாகப் பிய்த்தீர்கள். மணந்து பார்த்தீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தீர்கள். அதன்பிறகுதான் சாப்பிட்டீர்கள். மேலே வந்து சொன்னபோது அம்மாவுக்கு ஏறிவிட்டது. "நஞ்சு வைக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே! என்ர வடையைப் பிச்சுப் பாக்கிற மனுசி!"

நான் வடையைவிட மேசையில் இருந்த நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் கவனித்திருந்தீர்கள்.

"என்ன படிக்கிறாய்?"

"பௌதிகவியல்."

"ஏன்? யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் நான்தான்."

"நல்லது. அப்படியென்றால் உனக்கு வீட்டில் யாரும் பிழையாகச் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள்."

அது பாராட்டா, கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் யார் என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில்தான் பார்த்தேன். ஒரே ஒரு வரி. விண்வெளியிலிருந்து ஓயாமல் விழும் துகள்களைப் பிடிக்க, தடித்த ஒளிப்படப் பசை பூசிய கண்ணாடித் தட்டுகளை மலையுச்சிகளில் வைத்தவர்களுள் நீங்களும் ஒருவர். துகள் பசைக்குள் ஓடும்போது கரும்புள்ளிகள் வரிசையாக விழும். அதுதான் அதன் தடம். போலந்தில், பனியில், அந்தத் தட்டுகளை முதுகில் சுமந்து ஏறிய இளம் பெண்ணாக உங்களை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் நீங்கள் கீழே கொண்டுவந்த ஒரு தட்டில், ஒரு துகள் ஓடிவந்து நின்ற இடத்திலேயே இன்னொன்று பிறந்து ஓடியது. அப்படி ஒன்று நடக்கும் என்று காட்டிய முதல் தட்டு அது என்று அந்த வரி சொன்னது. பிறகு வேறு நாடுகளில் வேறு பலர் வேறு தட்டுகளில் அதையே கண்டார்கள். எனவே அப்படி நடப்பது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் எதில் என்பதற்கு வருகிறேன்.

உங்கள் கண்களில் புரை படர்ந்திருந்தது. பழைய பெட்டிகளில் இருந்த தட்டுகளை மறுபடி பார்த்து முடிக்க உங்களுக்கு ஒரு சோடிக் கண் வேண்டியிருந்தது. என்னைக் கேட்டீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம். எங்கள் பல்கலைக்கழகத்தில் நீங்கள் கற்பித்த துறையில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள். ஏன் மேல்வீட்டுப் பெண்? வாயில்லாதவள் என்பதாலா? பிழை விட்டால் பழியைப் போட வசதி என்பதாலா? ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டேன்.

"உன் அம்மா என்னை நம்பவில்லை. நீயும் நம்பவில்லை. என் மாணவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அவர்களை வைத்து நான் என்ன செய்ய?" என்றீர்கள்.

உங்கள் முறை எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது. தட்டில் எந்தக் குறியும் இருக்கக்கூடாது. எங்கே வைக்கப்பட்டது, யார் முன்பு பார்த்தது, என்ன கண்டது, எதையும் சொல்லமாட்டீர்கள். இன்னது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்வேன். நீங்கள் தேநீரை வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்பீர்கள். நான் மறுபடி குனிவேன். சரியாகச் சொன்னபோதும் கேட்டீர்கள், பிழையாகச் சொன்னபோதும் கேட்டீர்கள். முகத்தில் ஒரு வித்தியாசமும் இராது. முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொல்லப் பழகினேன். அப்போதும் கேட்டீர்கள்.

ஒருமுறை உங்கள் இளமைக்கால ஆய்வுகூடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். சிறிய கூடம், எல்லோரும் நண்பர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அவர்களில் யாரோ ஒருவர் மற்றவர்கள் பேசுவதை மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. "அதனால் எல்லோரையும் நேசித்தோம், ஒருவரையும் நம்பவில்லை" என்றீர்கள்.

அதை அம்மாவிடம் சொன்னேன். உலக்கை அந்தரத்தில் நின்றது.

"ஓ... அங்கையும் தலையாட்டி இருந்தவையோ?"

எங்கள் ஊரில் இராணுவத்தார் ஆட்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிச் சாக்குப் போட்ட ஒருவன் முன்னால் நடக்கவிடுவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் திரும்பி வரமாட்டான். சாக்குக்குள் இருந்தது அயலவனாகவும் இருக்கலாம். இதை நான் உங்களுக்கு மொழிபெயர்த்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் நுண்ணோக்கிக்கு உறையைப் போட்டு மூடினீர்கள். பிறகு, "உன் அம்மாவிடம் சொல், அந்த வடை நன்றாக இருந்தது" என்றீர்கள். அன்றிலிருந்து அம்மா பத்து மணிக்குப் பிறகு உரலைத் தொட்டதில்லை. ஆனால் நம்பிவிட்டார் என்று மட்டும் நினைக்காதீர்கள். "நல்ல மனுசிதான். எண்டாலும் அலுமாரிக்குள்ள என்ன வைச்சிருக்கிறா எண்டு பார்" என்பார்.

அலுமாரிக்குள் ஒரு நீல பிஸ்கட் டப்பா இருந்தது. என் முன்னால் நீங்கள் அதைத் திறந்ததேயில்லை. நான் அந்தப் பக்கம் போனால் உங்கள் கைத்தடி சற்று நகரும். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய கிழமை. வழக்கம்போலப் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தந்தீர்கள். வழக்கம்போல அதில் குறி இல்லை. பார்த்தேன். ஒரு தடம் வந்து நிற்கிறது. நிற்கும் இடத்திலிருந்து இன்னொன்று கிளம்புவதுபோல இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு காற்றுக் குமிழி, வளைந்த ஒரு கீறல். குவியத்தை மெல்லக் கீழே இறக்கினேன். முதல் தடம் மங்கியது. இரண்டாவது அதற்குப் பிறகுதான் தெளிந்தது. அது கீறலுக்கு அடியாலும் ஓடியது. மறுபக்கத்தில் அதன் புள்ளிகள் இருந்தன. அது அங்கே பிறக்கவில்லை. எங்கிருந்தோ வந்து, கீழால் கடந்து போகிறது.

"இரண்டு தடங்கள். தொடர்பில்லை" என்றேன். "மெட்ரோ வரைபடத்தில் ஜோன்-தலோன் நிலையம் போல. படத்தில் நீலமும் செம்மஞ்சளும் ஒரே புள்ளி. இறங்கிப் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே."

என் உவமை எனக்கே பிடித்திருந்தது. நீங்கள் சிரிப்பீர்கள் என்றுகூட நினைத்தேன்.

"சரி" என்றீர்கள். "அடுத்தது."

அவ்வளவுதான். அந்தக் கேள்வி வரவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை துறைப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். முதுகலைக்கு நான் விண்ணப்பித்திருப்பது அவருடைய குழுவில்தான். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் நினைவுக் கூட்டம். உங்கள் புகழ்பெற்ற தட்டின் படத்தைப் பெரிதாக்கி நடைகூடத்தில் மாட்டப்போகிறார்கள். "கடைசிக் காலத்தில் கூட இருந்தவள் நீ. நெஞ்சைத் தொடுகிறமாதிரி ஏதாவது சொல்" என்றபடி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். குமிழி இருந்தது. வளைந்த கீறல் இருந்தது.

நான் 'ஆம்' என்றேன். எனக்கு வருவது அதுதானே.

உங்கள் தங்கையின் மகள் அலுமாரியைக் காலி செய்தபோது நீல டப்பாவைத் திறந்து காட்டினார். பஞ்சு மட்டும் இருந்தது. நடுவில் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம்.

அன்றிலிருந்து உங்களைச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் அந்த டப்பாவில் ஒளித்துவைத்த தட்டை, ஒன்றும் தெரியாத என் கண்ணுக்கு முன்னால் வேண்டுமென்றே வைத்தீர்கள். உண்மை வேண்டும் என்றா? அல்லது யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு நிம்மதியாகப் போவதற்கா? முன்பே தெரியுமா உங்களுக்கு? கண் தெளிவாக இருந்த காலத்தில் ஒருமுறை குவியத்தைக் கீழே இறக்கிப் பார்த்து, அதன்பிறகுதான் அது டப்பாவுக்குள் போனதா? இல்லை, கடைசிவரை அதை நம்பினீர்களா? உங்கள் 'சரி'யை எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்தாலும் அதில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஆய்வுகூடத்தில் பழகிய குரல் அது.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"செத்த மனுசியின்ர பேரைக் கெடுக்கப் போறியோ? உன்ர படிப்பு அந்தாளின்ர கையிலையெல்லே கிடக்கு?"

"அப்ப பொய்யைச் சொல்லட்டோ?"

அம்மா வெங்காயம் உரித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "வடையைப் பிச்சுப் பாத்துத் திண்ட மனுசி, பிள்ளை. என்னத்தைத் தாறன் எண்டு தெரியாமலே உன்னட்டைத் தந்தவ?" என்றார்.

அம்மாவின் சொல் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயமாக இருப்பதையெல்லாம் ஒருமுறை பிய்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அது உங்களால் வந்தது. இப்போது கடையில் மிச்சக் காசு வாங்கினாலும், தோழி ஒருத்தி சொந்தக் கதை சொன்னாலும், நான் படித்த புத்தகத்தின் அந்த ஒரு வரியைக் கண்டாலும், உள்ளுக்குள் யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார்கள். என்னிடம் உங்களுடையது என்று மிஞ்சியிருப்பது அந்தச் சத்தந்தான்.

வெள்ளிக்கிழமை பேசுவது என்று தீர்மானித்துவிட்டேன். நான் கண்டதைச் சொல்வேன். முதல் தட்டு என்று அவர்கள் மாட்டும் படத்தைவிட, அதைக் குறியில்லாமல் ஓர் அந்நியக் கண்ணுக்குக் கொடுத்த அந்தக் காலை பெரியது என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு, வேறு ஒருவர் கையில் அந்தத் தட்டைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பார்க்க விடுங்கள் என்று கேட்பேன். பேராசிரியரின் முகம் என்ன ஆகும் என்று தெரியும். என் விண்ணப்பம் என்ன ஆகும் என்று தெரியாது.

ஆனால் அதற்குமுன் ஒன்று இருக்கிறது. அன்று நான் ஒருமுறைதான் பார்த்தேன். உவமையின் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டிருந்தால் மறுபடி குனிந்திருப்பேன், நீங்கள் கேட்கவில்லை. எனக்கு இப்போது என் கண்ணிலும் சந்தேகம்.

மணி பத்தாகிறது. மேலே உரல் சத்தம் நின்றுவிட்டது. நான் கீழே இருப்பது அம்மாவுக்குத் தெரியும்.

உறையை எடுத்துவிட்டேன். பெட்டியில் அந்த வளைந்த கீறல் உள்ள தட்டைத் தேடி எடுத்து வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதியதே உங்களிடம் ஒன்று கேட்பதற்குத்தான். கேட்கக் கூசிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நான் பிழை என்று ஆகட்டும் என்றோ, சரி என்று ஆகட்டும் என்றோ கேட்கவில்லை. அன்று கேட்காமல் விட்டதை இப்போது ஒருமுறை கேளுங்கள், மதாம்.

"நிச்சயமா?" என்று கேளுங்கள். நான் குனிகிறேன்.