வால்வைத் தொடாதே, வெய்க்கோ

வெய்க்கோ,

சால்மன் சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. சாவி கதவிலேயே தொங்குகிறது. உன்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை.

நேற்று நான் கத்தியது தப்புதான். ஆனால் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கிறவளுக்குத் தண்ணீர் நின்றுபோனால் கோபம் வராதா? மாடி வீட்டுக்காரியோடு சண்டைக்கே போய்விட்டேன். காவலாளி பாக்கோ வந்து பார்த்துவிட்டு, "உங்க கணவர்தான் வால்வை மூடி வச்சிருக்கார், மேடம்" என்றதும் எனக்கு மானமே போயிற்று. நீயோ நிதானமாக, "பனி இறங்கப் போகுது, ஐலா. குழாய் உறைஞ்சு வெடிச்சா யாரு பார்க்கிறது?" என்றாய்.

வெளியே ஆரஞ்சு பழுத்துத் தொங்குகிறது, வெய்க்கோ. பின்லாந்துப் பனிக்குப் பயந்துதானே வருஷா வருஷம் ஸ்பெயினுக்கு ஓடி வருகிறோம்?

"உனக்கு மூளை குழம்பிப் போச்சா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

இங்கே இருக்கிற நம் ஊர்க்கார டாக்டரைப் பார்க்கப் போகிறேன். எனக்காக அல்ல.

பனி இறங்கப் போவதாகத் தோன்றினால் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் நாம் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். எங்கேயும் கிளம்பிவிடாதே.

ஐலா

ஸாது கூப்பிட்டால் இதைச் சொல்லிவைக்காதே. உன் மகள் உடனே விமான டிக்கெட் எடுத்துவிடுவாள்.

இன்னொன்று. ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது செய்வாயே, அதேபோல ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குழாயை வடித்திருந்தாய். வேலை அவ்வளவு சுத்தம்.

காபிக்கு இரண்டு ஜாடியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். நீ மறுபடி மூடினாலும் பரவாயில்லை, கத்த மாட்டேன்.