வெடிக்காத மருந்து

சாம்ராஜ்நகர்
9.8.95

அன்பு இசக்கித்தாய்க்கு,

நான் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா? கார் நடவு முடிந்ததா?

இனி நீ பயப்பட வேண்டாம். குவாரியில் வேட்டு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். புதுப் பொடி ஒன்று வந்திருக்கிறது. தண்ணீரில் குழைத்துப் பாறையில் துளைத்த குழியில் ஊற்றினால், மறுநாள் பாறை சத்தமில்லாமல் பிளந்துவிடுகிறது. ஓடி ஒளிய வேண்டியதில்லை.

முன்பெல்லாம் வேட்டுக்கு முன்னால், எல்லாரும் ஒதுங்கிவிட்டோமா என்று பார்க்க மேஸ்திரி அண்ணாச்சி பேர் கூப்பிடுவார். நேற்று மத்தியானம் பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டார், அதுவும் பழைய வரிசையில். "சங்கிலிபூதத்தான்!" என்றார். போன வருஷம் வேட்டில் செத்தானே, நம் ஊர்க்காரன், அவன்தான். பாறைக்குள்ளிருந்து 'டக்' என்று கேட்டது.

"பொடி வேலை செய்யுது வே, பயப்படாதிய" என்று அண்ணாச்சி சிரித்தார்.

அடுத்த பேர் என்னுடையது. "இருக்கேன்" என்று சொல்ல வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் அதோடு நிறுத்திவிட்டார், என் பேரைக் கூப்பிடவே இல்லை.

தரை சில்லென்று இருக்கிறது, பத்தமடைப் பாய் ஒன்று கொடுத்தனுப்பு. லாரி கிளம்புகிறது, தபாலை அதில்தான் கொடுக்க வேண்டும். புருஷன் பேரை நீ சொல்ல மாட்டாய், தெரியும். ஆனாலும் இதைப் படித்ததும், கூச்சப்படாமல் ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.

மந்திரமூர்த்தி