அத்தை அழைத்த முப்பத்தெட்டுப் பெயர்கள்

ரொக்கா சான் பியாஸே,
18 அக்டோபர் 1998

என் செல்ல மகள் ரொசால்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் பிள்ளைகளும் நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, சொன்னாலும் கேட்காமல் ஏணியில் ஏறி மிளகாய்ச் சரங்களைக் கட்டுகிறாள். இந்த வருஷ மழையில் பாதிச் சரம் பூஞ்சை பிடித்துவிட்டது.

நீ ஆஸ்பத்திரியில் பதிந்து அனுப்பிய ஒலிநாடா வந்து பன்னிரண்டு நாளாகிறது. கேட்டதும் எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. என் அக்கா வித்தா, அங்கே உன்னோடு இருந்த உன் அத்தை, சாவதற்கு முந்தின கடைசி வாரத்தில் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வந்த மிலானோக்காரப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பாவம், புத்தி தடுமாறிப் போச்சு, யார் யாரையோ கூப்பிடுறாங்க”ன்னு சொன்னாளாமே. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நம் மலைப்பேச்சு அவளுக்கு எங்கே தெரியும். ஆனால் அத்தைக்குப் புத்தி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்திருக்கிறது மகளே. உனக்கு உண்மையை எழுத வேண்டாம், “போனவ போயிட்டா, புள்ளை மனசு உடைஞ்சிரும்”னு அம்மா அழுதாள். எனக்குப் பொய் எழுத வரவில்லை.

நம் ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாளன்று, மத்தியானம் மேசையில் அவர்களுக்கும் ரொட்டி, திராட்சைமது வைப்போம். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து “வாங்க, ஒக்காருங்க” என்போம். பதில் வந்த பிறகுதான் அடுத்த பெயர். அத்தை அதைத்தான் செய்திருக்கிறாள். சல்லடைக்காரன் வீட்டு தொனாதோ, அவர் பெண்சாதி ஊமை வீட்டு அஞ்சொலீனா என்று ஆரம்பித்து முப்பத்தெட்டுப் பேர். ஊர்ப் பதிவேட்டில் பதினோரு தொனாதோ பெத்ரோச்செல்லி இருக்கிறார்கள், நம்ம ஆள் யாரென்றே தெரியவில்லை என்று நம் முன்னோரைத் தேடி நாலு வருஷமாக அலைந்தாயே, பெண்சாதி பெயரோடு சேர்த்து அத்தனைக்கும் விடை நீ உட்கார்ந்திருந்த அத்தையின் கட்டிலிலேயே இருந்திருக்கிறது. இந்த ஊரில் யார் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எல்லாம் வீட்டுப் பட்டப்பெயர்தான், அது எந்தக் காகிதத்திலும் ஏறாது.

ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு அத்தை காத்திருக்கிறாள். மூச்சு வாங்குவது நாடாவில் கேட்கிறது. நீ பள்ளிக்கூடத்து இத்தாலியனில் “பேசாதீங்க அத்தை, தூங்குங்க” என்கிறாய். ஒரு பெயருக்கும் பதில் வராததால், முப்பத்தெட்டும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். மூன்று தரம். கடைசியில், “ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே, அவங்க எல்லாம் வாசல்லயே நிக்கறாங்களே” என்று அழுகிறாள்.

நீ அழாதே. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. மலைப்பேச்சு பேசினதற்கு வாத்தியார் என் உள்ளங்கை வீங்க அடித்தார். வடக்கே தூரின் நகரத்துக்கு வேலைக்குப் போனபோது நான் வாயைத் திறந்தாலே கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். என் மகளைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கக்கூடாது என்று அன்றே அந்தப் பேச்சுக்குக் கதவைச் சாத்தினேன். நீ பிறந்த பிறகு மேசையில் யாரையும் அழைக்கவும் இல்லை. தொலைபேசியில் அக்காவிடம்கூடப் பள்ளிக்கூடத்துப் பேச்சுதான், “யாரு, நோட்டரி ஐயாவா பேசறது?” என்று கேலி செய்வாள். நான் செய்த வீம்புக்கு அவள் பதில் இல்லாமல் போனாள்.

நேற்று நாடாவை மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் நானும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து பதில் சொன்னோம். முப்பத்தெட்டுக்கும் சொன்னோம். எங்கள் பதிலுக்கு அவள் இனிக் காத்திருக்கவில்லை என்று தெரிந்தும் சொன்னோம்.

பெயர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குத் தொலைபேசியில் கூப்பிடு, உனக்கு அப்போது இரவு, பிள்ளைகள் முழித்திருக்கட்டும். உச்சரிப்பு கோணினால் பரவாயில்லை, இனி சிரிக்க யாரும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, மருந்தை மறக்காதே. மாதாவின் துணை உங்கள் எல்லோர்மேலும் இருக்கட்டும்.

இந்தத் தடவை முப்பத்தொன்பதாவதாக அக்காவை நான் அழைப்பேன், நீ பதில் சொல். அவளுக்கு அடுத்து வரப்போவது என் பெயர்தான், அன்றைக்கு அழைக்க வேண்டியவள் நீ.

உன் அப்பா,
சல்லடைக்காரன் வீட்டு கானியோ