மூன்று துளைகள் ஒன்றான அட்டை

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒரு துப்பாக்கிக்கு ஒரு குண்டு ஏன் பிடித்துப்போகிறது, இன்னொன்று ஏன் பிடிக்காமல் போகிறது? எனக்குத் தெரியாது. இரும்புக்கு விருப்பு வெறுப்பு கிடையாது என்பது மட்டும் தெரியும். ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். இன்று நானும் பேசினேன்.

தம்பி டாரல், அப்பாவின் பழைய ரைஃபிளைக் கொண்டுவந்து என் கராஜ் மேசையில் வைத்தான். கடைத் தோட்டா எதைப் போட்டாலும் நூறு கஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறதாம்.

"நீதான் வெடிமருந்தைத் தங்கம் மாதிரி நிறுத்து நிறுத்து உன் தோட்டாவை நீயே செய்றியே அக்கா. இதுக்கு எது பிடிக்குதுன்னு கேட்டுச் சொல்லு."

"துப்பாக்கி பேசாது, டாரல்."

"நீயும்தான் பேச மாட்டே. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்."

போன வருஷ வேட்டையில் அவன் வீட்டுக்கு மான் கிடைக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் தனி ஆள். அங்கே மூன்று பிள்ளைகள். அவன் மனைவி ரொவீனா குளிர்காலம் முழுக்கக் கடைக் கோழி வாங்கினாள். வாங்கியதை ஒவ்வொரு முறையும் சொல்லியும் காட்டினாள்.

செப்டம்பர் 15

சுடுதளத்தில் முழுக் காலை. எல்க் என்கிற பெரிய மானுக்கென்றே செய்த கெட்டியான குண்டுகள் இரண்டு வகை. மருந்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து. மூன்று விரல் அகலம். சிதறல்தான்.

செப்டம்பர் 22

குண்டைத் தோட்டாக் கூட்டுக்குள் இன்னும் சற்று ஆழமாக அழுத்திப் பொருத்திப் பார்த்தேன். இரண்டு விரல். வேட்டைக்கு இது தாராளமாகப் போதும்; மானின் நெஞ்சு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஏன் நிறுத்தவில்லை?

செப்டம்பர் 29

நடந்துவிட்டது.

அட்டையில் சுடும் போட்டிக்காரர்களுக்கான குண்டு ஒரு பெட்டி அலமாரியில் கிடந்தது. மெல்லிய செம்புத் தோல், கூர்ந்த நுனி. விளையாட்டாக மூன்று தோட்டா செய்து எடுத்துப் போனேன். மூன்றும் ஒரே துளை. சுண்டுவிரல் நகத்தால் மூடிவிடலாம்.

பக்கத்து மேசையிலிருந்த கிழவர் ஆம்புரோஸ் தன் தொலைநோக்கியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "அம்மணி, இன்னொண்ணு சுட்டுக் கெடுத்துடாதீங்க. அட்டையைக் கழட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் உண்மையாகவே நான்காவதைச் சுடவில்லை.

அக்டோபர் 3

பள்ளியில் நான் எடுக்கும் கணக்கு வகுப்பில் இன்று மாதிரியெடுப்புப் பாடம். மூன்று பேரைக் கேட்டுவிட்டு ஊரின் மனதைச் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லும் வாக்கியம். வீட்டுக்கு வந்ததும் சுவரில் குத்தியிருக்கும் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 12

டாரல் வந்தான். அட்டையைப் பார்த்து விசில் அடித்தான். "அப்பா பார்த்திருந்தா அழுதிருப்பாரு." பிறகு பெட்டியை ஆட்டிப் பார்த்து, "இது மானுக்கு ஆகுமா?" என்றான்.

"ஆகும்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் குண்டிலேயே தோட்டாக்கள் செய்து துப்பாக்கியோடு கொடுத்தனுப்பினேன். குண்டுப் பெட்டியின் பக்கவாட்டில் 'இலக்குச் சுடுதலுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கிறது. படித்திருக்கிறேன். சிலர் இதை மானுக்கும் சுடுகிறார்கள் என்று எங்கோ படித்ததும் நினைவிருக்கிறது. எனக்கு வேண்டியதை நினைவில் வைத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. தெரிந்தும் டாரலைக் கூப்பிடப் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 27

வேட்டைப் பருவம் தொடங்கிய இரண்டு நாளும் மழை. யாருக்கும் எதுவும் இல்லை.

நவம்பர் 9, சனி

கை இன்னும் சூடேறவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஸ்கின்னர் ஓடைக்கு மேலே விடிந்து சற்று நேரத்தில் ஒரு பெண் எல்க் மரங்களிலிருந்து வெளியே வந்தது. அறுபது கஜம்கூட இருக்காது. டாரல் ஒரு கட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, அவசரப்படாமல் சுட்டான். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் எலும்பு. சரியான இடம்தான், அப்பா காட்டித் தந்த இடம். மான் முன்காலில் சரிந்தது, எழுந்தது, மரங்களுக்குள் போய்விட்டது.

பனியில் ரத்தம் கொஞ்சம்தான். முடி. எலும்புச் சிம்பு. அதற்குப் பக்கத்தில் சுருண்ட செம்புத் துணுக்கு ஒன்று, அரிசி அளவு. டாரல் முன்னால் தடம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். நான் குனிந்து அதை எடுத்தேன். கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.

குண்டு உள்ளே போகவே இல்லை. எலும்பின்மேல் பட்டதும் கண்ணாடி மாதிரி உடைந்திருக்கிறது. அந்த நொடியே தெரிந்துவிட்டது எனக்கு.

மதியம்வரை தேடினோம். பிறகு பனி கொட்ட ஆரம்பித்துத் தடத்தை மூடிவிட்டது.

டாரல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து மான் வேட்டை அனுமதிச் சீட்டை எடுத்தான். மான் விழுந்தால் அன்றைய மாதத்தையும் தேதியையும் சீட்டிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். அதோடு அந்த வருஷ வேட்டை முடிந்தது. காயம்பட்டுத் தப்பியதற்கும் வெட்டு என்று சட்டம் சொல்லவில்லை. அப்பா ஒருமுறை வெட்டினார். அதனால் நாங்களும்.

"என் கை ஆடிருச்சு அக்கா. விசையை இழுக்கும்போதே தெரிஞ்சது."

ஆடவில்லை. நான் பார்த்தேன்.

"கத்தி இருக்கா?"

கொடுத்தேன். என் மஞ்சள் பிடிக் கத்தி. அவன் வெட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, வாங்கி மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 10

தனியாகப் போய்த் தேடினேன். செத்த இடத்தைக் காட்டக் காகங்கள்கூட இல்லை.

நவம்பர் 11

அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். குண்டூசியின் துளை இருக்கிறது.

நவம்பர் 17

என் சீட்டு முழுசாக இருக்கிறது. டாரல் போனில், "நீயாவது போ அக்கா" என்றான். தலைவலி என்றேன்.

சொல்லிவிட வேண்டியதுதானே? என்ன தடுக்கிறது? அவன் கோபத்துக்குப் பயமில்லை. அவன் ஆறாம் வகுப்பிலிருந்து எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வான், கணக்கிலிருந்து வீட்டுக் கடன்வரை. 'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.' அந்த ஒரு வாக்கியத்தை இழக்க மனம் வரவில்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

நவம்பர் 23

தீவனக் கடை அறிவிப்புப் பலகையில் டாரலின் கையெழுத்து. அப்பாவின் ரைஃபிள், விற்பனைக்கு. 'மிகத் துல்லியமானது' என்று எழுதியிருக்கிறான்.

கோழித் தீவனம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள் விருந்து டாரல் வீட்டில். சாப்பிடும் முன் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நன்றி சொல்வது அந்த வீட்டு வழக்கம். கடைக்குட்டி, வான்கோழிக்கு நன்றி என்றது. "அதுக்கென்ன, அதுவும் கடைக் கோழிக்கு அண்ணன்தான்" என்றாள் ரொவீனா. சிரித்தோம்.

டாரல் முறை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்காவுக்கு நன்றி. அவ செய்ய வேண்டியதை அவ சரியாச் செஞ்சு குடுத்தா. கெடுத்தது நான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? ரொட்டியை அடுத்தவருக்கு நகர்த்தினேன். சீ. ரொட்டியை நகர்த்தினேன்.

என் முறை வந்தபோது, "இந்தக் குடும்பத்துக்கு" என்று சொன்னேன் போலிருக்கிறது.

போதும் இது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். என் சீட்டையும் கத்தியையும் எடுத்துப்போய் அவன் எதிரிலேயே வெட்டுவேன். அந்த மான் என் கணக்கு. அப்படியாவது கொஞ்சம் நேராகும்.

நவம்பர் 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாரல் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். செம்புத் துணுக்கை மேசைமேல் வைத்தேன். அது போட்டிக் குண்டு, மானுக்கானதில்லை, பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, படித்திருந்தேன், உன் கை ஆடவில்லை என்றேன். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

துணுக்கை விரலால் உருட்டிப் பார்த்தான். "இது எப்பக் கிடைச்சது?"

"ஓடையிலயே."

"நான் வெட்டறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"கத்தி கேட்டேன். எடுத்துக் குடுத்தே."

"குடுத்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "தெனமும் படுத்தா அந்த மான்தான் அக்கா. இழுத்த விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பேன்." அதைக் கேட்டுத் தாங்க முடியாமல்தான் என் சீட்டை வெளியே எடுத்தேன், கத்தியை விரித்தேன்.

எழுந்து வந்தான். என் விரல்களைப் பிரித்துக் கத்தியை வாங்கினான்.

"இதையும் வெட்டிட்டு, பாவத்தைக் கழுவிட்டேன்னு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு பாக்குறியா? என் வீட்ல பிள்ளைங்க சாப்பிடணும்."

கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்த ரொவீனா என்னைப் பார்க்காமலே, "கோழி விலையும் ஏறிடுச்சு" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை பருவம் முடியுது" என்றான் டாரல். "உன் துப்பாக்கி, உன் சீட்டு. சுடறது நீ. கறி வந்தா பாதி இங்க. தோட்டா கடைல வாங்கிட்டு வா. வழியில எதுவும் பேசாதே."

"அப்பா துப்பாக்கி?"

"அது எங்கயும் போகலை."

வழக்கமாக ரொவீனா ஒரு டப்பாவில் மிச்ச உணவு கட்டித் தருவாள். இன்று தரவில்லை. டாரல் வாசல்வரை வந்தான். கத்தியை மடக்கித் தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான். அவன் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.