வாசலில் போட்ட வெளிச்சம்

1961 மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு. திண்டிவனம்.

இன்னும் தூக்கம் வரவில்லை. எல்லாம் கோபம்தான்.

தலைவலி வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வெளிச்சம் தெரியும். ரம்பப் பல் மாதிரி, பிறையாக வளைந்து, மினுக்கிக்கொண்டே பெரிதாகும். கண்ணை இறுக்க மூடினாலும் போகாது. நேற்று விழுப்புரத்துக் கண் டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் என் பக்கமே திரும்பாமல் என் வீட்டுக்காரரிடம், "கண்ணுல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார். மூடின கண்ணுக்கும் தெரிகிறதென்றால் கோளாறு மூளையில் இருக்கலாமே! அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் மாமியார், "வேலை செய்யாம படுத்துக்கினு இருக்கறதுக்கு இது ஒரு நடிப்பு" என்றார்.

அதனால் இன்று விடிகாலையில் புள்ளி வைக்காமல், எனக்குத் தெரிவதை அப்படியே வாசலில் கோலமாகப் போட்டேன். வீட்டுக்காரராவது பார்க்கட்டும் என்றுதான். "இன்னாத்துக்குக் கோலம் அரைகுறையா நிக்குது?" என்று கேட்டுவிட்டு அவர் தாண்டிப் போய்விட்டார்.

பின்னாலேயே மாமியார் வந்தார். கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. சட்டென்று காலால் தேய்த்து அழித்தார்.

"இதப் போய் தெருவுல போடுவியா? எனக்குந்தான் சின்ன வயசுலேர்ந்து வருது. ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்திருப்பேனா?"

டாக்டருக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. போகட்டும். ஆனால் மாமியாருக்கு அந்த வெளிச்சம் தெரியும். தெரிந்தேதான் என்னை நடிக்கிறாள் என்றார்.

நாளைக்கும் அதையேதான் போடுவேன். வாசல் முழுக்க.